செல்லமுத்து பெயர் ஏன் வரவில்லை?

செவ்வாய், காலை 11.40. மூங்கில்துறைப்பட்டை அடுத்த வயலில், முற்றிக் காய்ந்த கரும்புக்கு நடுவே செல்லமுத்து குப்புற இறந்து கிடந்தார். தனியாளாக வெட்டியிருக்கிறார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

"வெங்கடேசன்தான் காரணம் மேடம். குலுக்கல்ல ஏமாத்திட்டாரு" என்றாள் மகள் அபிநயா.

சப்-இன்ஸ்பெக்டர் மணிமொழி அவள் கொடுத்த மனுவைப் படித்தார். உழவர் குழுவில் முப்பது பேர். வெட்டும் மெஷின் ஒன்றுதான். வாரம் இரண்டு பெயரைக் குலுக்கலில் எடுக்க, இணையப் பக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்தவள் அபிநயா. வந்த பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். இருபத்தெட்டுப் பேர் வெட்டி முடித்தாயிற்று. மிச்சம் இருசம்மாளும் செல்லமுத்துவும்.

மாலை 4.10. குழு அலுவலகம்.

"பட்டியலைத் தொட்டீங்களா?"

"நான் இன்னாத்துக்குங்க தொடப்போறேன்? அந்தப் பொண்ணு குடுத்தது அப்படியே கீது. பட்டனை அமுக்கறதோட சரி" என்றார் செயலாளர் வெங்கடேசன்.

"போன வருஷம் செல்லமுத்து எத்தனாவது?"

"அப்பவும் கடைசிதாங்க."

மணிமொழி பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு புதிதாக மூன்று பெயர் அடித்தார்: ஆடு, மாடு, கோழி. எடுத்த பெயரை அதே இடத்தில் திரும்பச் சேர்த்துச் சேர்த்து அறுபது முறை அமுக்கினார். ஆடும் மாடும் மாறி மாறி வந்தன. கோழி வரவேயில்லை. கோழியை மேலே ஏற்றி, மாட்டைக் கடைசியில் வைத்தார். இப்போது மாடு வரவில்லை.

மாலை 5.30. அபிநயா வந்தாள்.

"யாரும் ஏமாத்தலைம்மா. நீ எழுதின இணையப் பக்கம் கடைசிப் பேரை எடுக்கவே எடுக்காது. மத்தவங்க எல்லாம் முடிஞ்சாத்தான் அது வரும். அப்பா பேரைக் கடைசில போட்டது யாரு?"

"நான்தாங்க. எங்க பேரை மேல வெச்சா ஊர்ல பேசுவாங்கன்னு..."

அவள் தான் எழுதிய வரிகளைத் திறந்தாள். கம்ப்யூட்டர் சுழியத்திலிருந்து எண்ணும் என்பதற்காக எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்திருந்தாள். குலுக்கும் கட்டளையே அந்த ஒன்றைக் குறைத்துக்கொள்ளும்; அவள் கழிக்காமலே சரியாக வந்திருக்கும்.

"ஒண்ணு... ஒண்ணே ஒண்ணு ஜாஸ்தியா கழிச்சிட்டேன் மேடம்."

வெங்கடேசன் அவளைத் திட்டவில்லை. தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இருசம்மா அவங்க முறைய விட்டுக் குடுத்துட்டாங்கம்மா. நாளைக்கி மெஷின் உங்க நெலத்துக்கு வருது."

அபிநயா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அந்த ஒன்றை அழித்தாள். சேமித்தாள். பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.