நாத்தனார் வீட்டு விளக்கு

விளக்குக்கு மூடி போட ஆள் வந்தபோது நாத்தனார் சண்டை போடவில்லை. அதுதான் இவளை முதலில் உறுத்தியது. அவள் வாயைத் திறந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும், அப்படிப்பட்டவள் ஏணியைப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் கீழ இறக்குப்பா. அந்தப் பக்கம் துளி வெளிச்சம் போகக் கூடாது" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவளுக்கு பேக்கரியில் மாவு பிசையும் வேலை. ஊர் எழுமுன் போய் நிற்க வேண்டும் என்பதால் பொழுது சாய்ந்ததுமே படுத்தாக வேண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் கணவனின் அக்கா மாட்டியிருந்த பெரிய விளக்கு நேரே இவள் கட்டிலில் வந்து விழுந்தது. திரை போட்டாலும் இமைக்குள் புகுந்தது. கணவன்தான் நகராட்சிக்கு அழைத்துப் போனான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவன் சதை அக்காவுக்காக இம்மியும் ஆடவில்லை. அதிகாரியின் முன்னால், "நீயே உன் வாயால சொல்லு" என்று இவள் முழங்கையைத் தொட்டான். அந்த வெளிச்சம் என் வீட்டுக்கு வேண்டாம் என்று இவள் சொன்னாள். அதிகாரி கருவியோடு வந்து ஜன்னலில் வைத்து அளந்தார். அவரவர் வெளிச்சம் அவரவர் எல்லைக்குள் என்று உத்தரவு போட்டார். கூடப் பிறந்தவளை விட்டு எனக்காக நின்றானே என்று இவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இருட்டியதும் படுத்தாள். பக்கத்து வீட்டுப் பாத்திரச் சத்தமும், தெருவில் போன சைக்கிள் மணியும், எங்கோ யாரோ குழந்தையை அதட்டும் குரலும் ஒவ்வொன்றாகத் தேய்ந்து தூக்கம் கண்ணைச் சுழற்றியபோது, கட்டிலின் மறுபாதி மெல்ல அமிழ்ந்தது. கணவன்தான் என்று திரும்பாமலே நகர்ந்து இடம் விட்டாள். மழையில் நனைந்து, பிழியாமல் மூட்டை கட்டி வைத்த துணியின் வாடை வந்தது. மூச்சு பிடரியில் பட்டது. சில்லென்று.

வெளியே கணவன் இருமினான்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

எழுந்தாள். பின்னால் பார்க்கவில்லை. கதவை இழுத்தாள். வெளியே பூட்டியிருந்தது. ஜன்னலுக்கு ஓடினாள்.

மூடி போட்ட விளக்கின் கீழே, நாத்தனார் வீட்டு முற்றத்தில், கணவன் தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அக்கா அவனுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

"கதவத் திறங்க." கம்பியை உலுக்கினாள். "உள்ள யாரோ இருக்காங்க."

அவன் நிமிரவில்லை. நாத்தனார்தான் பேசினாள், கத்தாமல். "இவ்வளவு நாள் எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரக் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா. வெளிச்சத்தத் தாண்டி அதால வர முடியல. நாங்களா அணைச்சா எங்களத்தான் எடுக்கும். அந்த வீட்ல இருக்கிறவங்களே வேண்டாம்னு சொல்லணும்."

இவள் கணவனைப் பார்த்தாள். "இதுக்காகவா என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

அவன் இருட்டுக்குள் நீண்டிருந்த காலை வெளிச்சத்துக்குள் இழுத்துக்கொண்டான். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான்.

பின்னால் கட்டில் முனகியது.

ஈரக் காலடி. மறுபடி ஒன்று.

இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் படுத்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

இவள் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. கம்பிகளைத் தாண்டி நீண்டது, இன்னும் நீண்டது. ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துச் சாத்தியது.