எடுக்காத சிரிப்பு

மரக்காணம் உப்பளத்துக்கு ஒரே வேனில் போய் இறங்கினோம். கேமரா, ஆட்கள், சாம்பார் அண்டா எல்லாம் அதே வேன்தான். கேரவன் எல்லாம் கிடையாது. கதாநாயகி ரேணுகா அக்கா வேன் கதவில் ஒரு போர்வையைக் கட்டி அதற்குப் பின்னால் புடவை மாற்றினார். நான் அஸ்வினி, படத்தின் ஒலிப்பதிவாளர். கிளாப் அடிப்பதும் நான்தான், குடை பிடிப்பதும் நான்தான். சின்ன பட்ஜெட் படத்தில் சுதந்திரம் இருக்கும் என்பார்கள். இருந்தது, டைரக்டர் செந்தமிழுக்கு மட்டும். யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திட்டும் சுதந்திரம்.

கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி பாத்தியாக வெள்ளை. நிழல் என்று ஒன்று இல்லை. வெயில் மேலிருந்தும் சுட்டது, உப்பில் பட்டுக் கீழிருந்தும் சுட்டது. கால்வாய்ப் பக்கமிருந்து சேற்று வாடை விடாமல் வந்துகொண்டிருந்தது. மழை வருவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்று உப்பளத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடலோரம் மேகம் கூடிவிட்டது. அன்றைக்கே கிளைமாக்ஸை எடுத்தாக வேண்டும்.

கிளைமாக்ஸில் ரேணுகா அக்கா செத்துக் கிடக்க வேண்டும்.

பாத்தியில் மல்லாந்து படுத்தார். உப்பு முதுகை அறுத்திருக்கும், ஒரு முனகல்கூட இல்லை. கேமராமேன் முஜீப் மெல்ல மேலிருந்து இறங்கி அவர் முகத்துக்கு வந்தான். புடவைக்குள் நான் குத்தியிருந்த சின்ன மைக்கில் எல்லாம் கேட்டது. மூச்சு மெதுவாகி, இன்னும் மெதுவாகி, அடங்கியது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"கட்! ஓகே!"

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் சும்மா எழுந்துவிடக் கூடாது. படுத்தபடியே கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும். செத்தது பொய் என்று கேமராவுக்குச் சொல்லிவிடுவது; இல்லாவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயம். எப்பேர்ப்பட்ட பகுத்தறிவு பேசுகிறவனும் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டான்.

"சார், சிரிச்சிட்றேன், எடுங்க" என்றார் அக்கா.

"லைட் போவுது. எந்திரிங்க" என்றான் செந்தமிழ்.

முஜீப் பக்கத்துக் கூனிமேட்டுக்காரன், பொறுமைசாலி. "ஒரு செகண்டுதான் ஜீ. நான் எடுத்துக்குறேன்" என்றான்.

"பேட்டரி என்ன உங்க வூட்லேருந்து வருதா? இருக்குறதே ஒண்ணுதான். சகுனம் பாக்குறவன்லாம் பெரிய படத்துக்குப் போங்கடா!"

"எம் பொண்ணு சின்னது சார்." அக்கா படுத்தபடியே கெஞ்சினார். "எடுங்க சார். சிரிச்சிட்றேன்."

"எந்திரிம்மான்னா!"

முஜீப் கேமராவை நிறுத்தினான்.

அக்கா எழுந்தார்.

முதுகு முழுக்க உப்பு ஒட்டியிருந்தது. அதை அவர் தட்டவே இல்லை. அடுத்தது, அதே பெண் உயிரோடு இருந்தபோது வரப்பில் நடந்து வந்து பேசும் காட்சி. நடந்து வந்தார். நான் ஹெட்போனை மாட்டினேன். புடவை உரசுவது கேட்டது. வளையல் கேட்டது.

மூச்சு கேட்கவில்லை.

மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து வால்யூமைக் கூட்டினேன். காற்றின் இரைச்சல். அதற்குள்ளிருந்து, உப்பில் வாயை வைத்துப் பேசுவது போல ஒரு குரல்.

"எடுங்க சார். சிரிச்சிட்றேன்."

எதிரே அக்காவின் உதடுகள் படத்தின் வசனத்தைப் பேசிக்கொண்டிருந்தன.

"எம் பொண்ணு தேடும் சார். எடுங்க சார்."

ஓடிப்போய் ஹெட்போனைச் செந்தமிழின் காதில் வைத்தேன். டேக்கைக் கெடுத்துவிட்டேன் என்று கத்துவதற்காக வாயைத் திறந்தவன், திறந்தபடியே நின்றான்.

"முஜீப், கேமராவை ஓட விடு" என்றான். அவனுக்கும் இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "ரேணுகா... கேமராவைப் பாத்து கொஞ்சம் சிரிங்கம்மா."

அவர் திரும்பினார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு வெறுப்போடு பார்த்ததில்லை.

"படுத்துக் கெடக்கிறவதான சிரிக்கணும்?" என்றார். "நான்தான் எந்திரிச்சிட்டேனே."

திரும்பும்போது அவர் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார். நாங்கள் எல்லாரும் சாமான்களோடு சாமான்களாகப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டோம்.

படம் நன்றாகப் போனது. போன விழாவிலெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரேணுகா வாழ்ந்து காட்டியிருக்கிறார் என்று எழுதினார்கள். சென்னையில் போட்ட காட்சிக்கு அக்காவின் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்திலேயே, அன்றைக்கு உப்பிலிருந்து எழுந்து வந்த அது புடவை கட்டிக்கொண்டு நின்றது. அக்கா என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழந்தை அதை ஏறெடுத்தும் பார்க்காமல் அப்பாவின் காதில் கேட்டது: "அம்மாவுக்கு ஷூட்டிங் எப்பப்பா முடியும்?"

முஜீபின் காதிலும் அந்தக் கேள்வி விழுந்துவிட்டது. "வா, போய் அந்தச் சிரிப்பை எடுத்துடலாம்" என்றான்.

மறுநாளே போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாத்திகள் எல்லாம் தண்ணீர். பட்டப்பகலில், ஆள் அரவமில்லாத வரப்பில், முஜீப் வெறும் தண்ணீரைப் பார்த்துக் கேமராவை வைத்தான். நான் மைக்கை நீட்டினேன்.

"எடுங்க சார்..."

குரல் மிகவும் தேய்ந்து போயிருந்தது.

"அக்கா, அஸ்வினி வந்துருக்கேன்க்கா. கேமரா ஓடுது. சிரிங்க."

தண்ணீர் அசையவில்லை. ஹெட்போனில் ஒரு சிரிப்பு கேட்டது. ரொம்ப நேரம் பயந்து கிடந்தவர் அப்பாடா என்று சிரிக்கும் சிரிப்பு. முஜீபுக்குக் கேமராவில் என்ன தெரிந்ததோ, தோள் குலுங்க அழுதான்.

"சிரிச்சிட்டேன் அஸ்வினி" என்றார் அக்கா. "எந்திரிக்கலாமா?"

எழுந்து வர அவருக்கு உடம்பு வேண்டும். அது அன்றைக்குச் சென்னையில் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தது.