அறுபத்தெட்டு டிகிரி

காலை 10.20. மின்னஞ்சலைத் திறந்த பேராசிரியை அதை இரண்டாம் முறையும் படித்தாள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வு, அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி. அதற்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் காப்புரிமை கேட்டிருந்தது. படங்களும் வாக்கியங்களும் அச்சு அசலாக அவளுடையவை.

சந்தேகம் நேராக ஆராய்ச்சி மாணவி மேல் பாய்ந்தது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். உதவித்தொகை கிடைத்து அடுத்த மாதம் அதே நாட்டுக்குப் போகிறவள்.

"என் கண்ணு முன்னால நிக்காதே!" என்று பேராசிரியை கத்திவிட்டாள். மாணவிக்கு முகம் செத்துப்போனது.

11.45. பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். காவல்துறையில் இருபது வருடம் குப்பை கொட்டிய பெண்மணி. காப்புரிமை விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்தவர் மாணவியிடம் திரும்பினார்.

"சவ்வை எத்தனை டிகிரியில காய வைப்பீங்க?"

"எண்பத்தாறு."

"இதுல அறுபத்தெட்டுன்னு இருக்கே?"

"அறுபத்தெட்டுல வெச்சா பசை மாதிரி ஒட்டிக்கும் மேடம். தினம் செய்றவ, எனக்குத் தெரியாதா?"

பேராசிரியை குறுக்கிட்டாள். "அது என் தப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி ஆய்வறிக்கையில எண்பத்தாறை அறுபத்தெட்டுன்னு மாத்தி அடிச்சிட்டேன். அன்னைக்கு சாயங்காலமே கம்ப்யூட்டர்ல திருத்திட்டேன்."

"அதுக்குள்ள பிரிண்ட் எடுத்தீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. கையெழுத்துக்காக... துறைத்தலைவருக்கு."

துறைத்தலைவர் அவள் கணவர்.

12.30. துறைத்தலைவரின் அறை. பேராசிரியையும் கூட வந்திருந்தாள். வருடாவருடம் அவர் கொடுத்த உறுதிமொழிப் படிவங்களை அதிகாரி மேசைமேல் பரப்பினார். எல்லாவற்றிலும் 'வெளிநாட்டுத் தொடர்பு: இல்லை'.

"மாணவி கொடுத்திருந்தா எண்பத்தாறுன்னு இருக்கும். கம்ப்யூட்டர்லேர்ந்து திருடியிருந்தாலும் எண்பத்தாறுதான். அறுபத்தெட்டு இருந்தது உங்க மேசைக்கு வந்த தாள்ல மட்டும். சவ்வைத் தொட்டே பார்க்காத உங்களுக்கு அது தப்புன்னே தெரியல, சார்."

துறைத்தலைவர் மேசை இழுப்பறையிலிருந்து சில தாள்களை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அந்த நிறுவனத்தின் நியமனக் கடிதம்.

"தனி ஆய்வுக்கூடம், வீடு... எல்லாம் நம்ம ரெண்டு பேருக்கும்தான். உன்கிட்ட சொல்லத்தான் இருந்தேன்."

அடித்தாளை மட்டும் அவர் விரல்கள் விடவில்லை. அவள் பிடுங்கினாள். நிறுவனத்துக்காக அவரே நிரப்பிய விவரத்தாள். 'வாழ்க்கைத் துணை' என்ற இடத்தில், அவருடைய அழகான கையெழுத்தில், 'யாருமில்லை'.

அந்தத் தாளை உறுதிமொழிப் படிவங்களின்மேல் வைத்தாள்.

அதிகாரி தயங்கித் தயங்கிப் புகார்ப் படிவத்தை நீட்டினார். 'குற்றம் சாட்டப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு?' என்ற வரியில் அவள் பேனா நின்றது.

பிறகு, 'கணவர்' என்று எழுதினாள்.