நீக்கப்பட்ட இருபத்தேழு படங்கள்

மதியம் மூன்று மணிக்கு, அந்தப் பழைய மருத்துவமனையின் அடித்தள ஸ்கேன் அறைக்குள் மடிக்கணினியோடு நுழைந்தாள் அவள். அவள் எழுதிய மென்பொருள் சி.டி. ஸ்கேன் படங்களில் கல்லீரல் கட்டியைக் கண்டுபிடித்து, சுற்றிக் கோடு போடும். இனி அல்ட்ராசவுண்டுக்கும் எம்ஆர்ஐக்கும் அதைப் பழக்க வேண்டும்.

பழக்கும்போது இருபத்தேழு படங்கள் தகராறு செய்தன. தலைமை மருத்துவர் 'கட்டி இல்லை' என்று குறித்திருந்த படங்கள். மென்பொருளோ பிடிவாதமாகக் கோடு போட்டது.

"அதையெல்லாம் தூக்கிடும்மா," என்றார் அவர். "நாளன்னைக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்."

தூக்கினாள். மென்பொருளின் துல்லிய மதிப்பெண் கிடுகிடுவென ஏறியது.

மறுநாள் காலை, நோயே இல்லாத ஓர் இளைஞனின் படத்தில் கோடு விழுந்தது. வலது விலாவுக்குக் கீழே.

அடுத்து ஒரு கிழவர். அதே இடம்.

எம்ஆர்ஐயிலும் அதே வளைவு.

பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் அக்காவின் முகம் வெளிறியது. "இது முன்னாடி இங்க வந்த ஒரு அம்மாவோடது," என்று கிசுகிசுத்தாள். "நீங்க தூக்குனது அத்தனையும் அவங்க படம்தான். வலிக்குதுன்னு மூணு தடவை வந்தாங்க. ஒண்ணுமில்ல, போங்கன்னு சார் அனுப்பிட்டாரு."

"அப்புறம்?"

"நாலாவது தடவை பொணமாத்தான் வந்தாங்க."

அவள் மருத்துவரிடம் ஓடினாள். "அந்தப் படங்களைக் கட்டின்னு மாத்திக் குறிச்சுச் சேர்த்துடலாமா சார்?"

"சேர்த்தா என் தலை உருளும். உன்னுதும்தான். அந்த இடத்துல கோடு தெரியாம மறைச்சிடு."

உண்மையான கட்டி அங்கே இருந்தாலும் இனி தெரியாது. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நாலு வரி நிரல் எழுதி மறைத்தாள்.

காதருகே ஒரு பெருமூச்சு.

திரும்பினாள். யாருமில்லை.

மறுநாள் போட்டுக் காட்டியபோது எல்லாரும் கைதட்டினார்கள். மென்பொருள் நாற்பது மருத்துவமனைகளுக்குப் போனது. அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. டெக்னீஷியன் அக்கா அதன்பின் அவளிடம் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து, எங்கோ ஒரு மருத்துவமனையிலிருந்து அறிமுகமில்லாத ஆண் குரல் ஒன்று தொலைபேசியில் அழைத்தது.

"மேடம், படம் சுத்தமாத்தான் வருது. ஆனா ஸ்கேனுக்குப் படுக்கிறவங்க எல்லாரும் ஒரே இடத்தைக் காட்டுறாங்க. இங்க யாரோ கை வச்சு அழுத்துறாங்கன்னு."

"எந்த இடம்?"

அவன் பதில் சொல்லுமுன்பே, அவளுடைய வலது விலாவுக்குக் கீழே ஐந்து விரல்கள் மெல்லப் பதிந்தன.

ஜில்லென்று.