அப்பா தொட்டி

அப்பா தொட்டியில் சுரண்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

கடலோர ஆய்வகத்தின் குளிரறைக்குள் காலெடுத்து வைத்ததுமே, தொட்டிகளைப் பராமரிக்கிற அவளுக்கு அது உறைத்துவிட்டது. கடல் முள்ளெலிகள் தொட்டிச் சுவரில் படிந்த பாசியைப் பல்லால் வழித்துத் தின்னும்போது எழுகிற நறநறப்பு அது. யாரோ பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு மரத்தை உப்புத்தாளால் விடாமல் தேய்ப்பதுபோல இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பல் கூசும். அவளுக்கு அது, வீட்டில் ஆள் இருக்கிறது என்கிற நிம்மதி. பம்பின் முனகல் இருந்தது, தண்ணீர் விழும் சலசலப்பு இருந்தது, குளிரூட்டி அவ்வப்போது இருமுவதும் இருந்தது. அந்த நறநறப்பு மட்டும் இல்லை.

மூன்று தொட்டிகளுக்கும் பலகையில் எழுதியிருந்த பெயர்கள் வேறு. ஆய்வகத்தில் எல்லோரும் அப்பா, மகன், பேரன் என்றுதான் சொல்வார்கள். கடலிலிருந்து குழாய் வழியே வருகிற தண்ணீர் வந்தபடியே விழுவது அப்பா தொட்டியில்; இன்றைய கடல். அதே தண்ணீரைக் கொஞ்சம் சூடேற்றி, கரியமில வாயுவை ஊதிக் கொஞ்சம் அமிலமாக்கினால் மகன். இன்னும் சூடு, இன்னும் அமிலம் என்றால் பேரன். இன்றைக்கு எரிக்கிற எண்ணெயும் கரியும் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவைக்கப் போகிற கடல். பேரன் தொட்டியில் நத்தைகளின் ஓடு மெலியும், முள்ளெலிகள் சுருண்டு கிடக்கும். அதைப் பார்க்கத்தான் அந்தத் தொட்டியையே வைத்தார்கள். ஆனால் அப்பாவுக்கு எதுவும் ஆகக்கூடாது.

அவள் விளக்கைப் போட்டு அப்பா தொட்டிக்குள் குனிந்தாள். ஈரத் துணியைப் பல நாள் மூடிவைத்ததுபோல ஒரு வாடை முகத்தில் வந்து மோதியது. முள்ளெலிகள் முட்களை உதிர்த்துவிட்டு, மயிர் கொட்டிய தலைகளாகக் கிடந்தன. ஒரு நட்சத்திர மீனின் கை மட்டும் உடலை விட்டுக் கழன்று, எங்கோ போக வேண்டிய அவசரத்தில் கண்ணாடியில் தனியாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு நத்தையை எடுத்தாள். ஓடு விரல்களுக்கிடையில் நனைந்த அட்டையாக அமுங்கியது. உள்ளே எதுவும் இல்லை. அடுத்ததையும் எடுத்தாள். அதிலும் இல்லை.

ஆய்வக இயக்குநர் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தால் காலணி நனையும்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். அப்பா தொட்டியில மீட்டர் வச்சுப் பாத்தேன். கடல் தண்ணியே சரியில்ல."

"மீட்டர் பழசு."

"போன வாரம் நீங்கதானே புதுசு வாங்கிக் குடுத்தீங்க?"

அவர் முகம் கறுத்தது. "நேத்து குழாயெல்லாம் கழட்டிக் கழுவினது யாரு?"

"நான்தான்."

"பேரன் குழாயக் கொண்டுபோய் அப்பாவுக்கு மாட்டியிருக்கீங்க. உங்க கைத்தப்புக்குக் கடல் மேல பழி போடாதீங்கம்மா. இந்தக் குடாவுக்கு ஒரு கேடும் வரலன்னு நமக்குப் பணம் குடுக்கறவங்க அத்தனை பேர் முன்னாடியும் பேசிட்டு வந்திருக்கேன். நாளைக்கு அவங்க இங்க பாக்க வர்றாங்க. பொழுது சாயறதுக்குள்ள அந்தத் தொட்டி நிறைஞ்சிருக்கணும். உங்க தம்பியக் கடல்ல எறங்கச் சொல்லியாச்சு."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் நேற்றுக் கழுவியது அவள்தான். கழுவும்போது கை விறைத்திருந்தது. ஒருவேளை மாற்றித்தான் மாட்டிவிட்டாளோ? ஒருவர் போதுமான அழுத்தத்தோடு சொன்னால் நம் கையையே நமக்கு நம்பத் தோன்றுவதில்லை.

தம்பி ரப்பர் உடுப்பை இடுப்புவரை மாட்டிக்கொண்டு, ஈரத் தடம் பதிய உள்ளே வந்தான். கடலில் மூழ்கித் தொட்டிகளுக்கு நத்தைகளும் முள்ளெலிகளும் பொறுக்கி வருவதுதான் அவன் வேலை. நீர்க்காக்கை என்று அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"என்னக்கா, அப்பாவக் கொன்னுட்டியாமே! சொத்து கித்து ஏதாவது எழுதி வச்சாரா?"

"வாயக் கழுவு. நீ இன்னிக்கு எறங்காத."

"ஏன்?"

இயக்குநர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"குழாய ஒழுங்கா மாட்டியிருந்தா எனக்கு இந்தக் குளிர்ல குளியல் இல்ல, தெரியுமா?" என்று அவள் தோளை இடித்துவிட்டுப் போனான். "சூடா ஏதாவது போட்டு வை. வந்து குடிக்கிறேன்."

அவள் தடுக்கவில்லை.

அவர்கள் போனதும் கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு, தொட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் முழங்காலிட்டு நுழைந்தாள். சுவரில் ஈரம் கசிந்தது. தரையில் உப்புப் பூத்து முழங்காலில் குத்தியது. பேரன் குழாயைப் பிடித்துக்கொண்டு கையாலேயே தடவித் தடவிப் போனாள். கலக்கும் பெட்டியிலிருந்து கிளம்பி, வளைந்து, பேரன் தொட்டிக்குத்தான் போனது. மகன் குழாய் மகனுக்கு. அப்பா குழாய் நேரே சுவரைத் துளைத்துக்கொண்டு கடலுக்கு.

எதுவும் மாறவில்லை. அவள் சரியாகத்தான் மாட்டியிருந்தாள்.

அப்போதுதான் அந்த நறநறப்பு கேட்டது. மெலிசாக, சோம்பலாக, ஆனால் விடாமல். பேரன் தொட்டியிலிருந்து. சாக வேண்டியவை அங்கே மேய்ந்துகொண்டிருந்தன.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு கலக்கும் பெட்டியில் பேரனுக்கான விளக்கைப் பார்த்தாள். அந்தப் பெட்டி குறித்துவைத்த அளவுக்குத் தண்ணீரைக் கொண்டுவரும். கடல் தண்ணீர் அந்த அளவுக்குக் கீழே இருந்தால் சூடேற்றும், வாயு ஊதும். அப்போது சிவப்பு எரியும். மேலே போனால் குளிர்விக்கும், வாயுவை வெளியே இழுக்கும், அதற்கு நீலம். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளாக அங்கே சிவப்பு தவிர வேறு எதுவும் எரிந்ததில்லை.

நீலம் எரிந்தது.

கடல் பேரனைத் தாண்டிவிட்டது.

அப்பா குழாயில் கையை வைத்தாள். குளிர்காலத்தில் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிற குழாய். இப்போது வெதுவெதுப்பாக இருந்தது. ஓடி வந்த குழந்தையின் நெற்றியைப்போல. குழாய் சுவருக்குள் வளைகிற இடத்தில் உள்ளேயிருந்து ஏதோ மெத்தென்று இடித்தது. மூட்டைத் திருகினாள். தண்ணீர் பீறிட்டு, பிறகு அடைத்துக்கொண்டது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

நத்தைகள். ஓடில்லாத, தோலுரித்த, வெறும் சதையான நத்தைகள். தொட்டியிலிருந்து குழாய்க்குள் ஏறி, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து, துளி இடம் விடாமல் அப்பியிருந்தன. செத்தவை அல்ல. விளக்கொளி பட்டதும் எல்லாம் ஒன்றாக உள்ளே சுருங்கின. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவளிடம் கதவைச் சாத்துவதுபோல.

அவற்றுக்கு ஒரு கூடு தேவைப்பட்டது. எதுவானாலும் சரி.

அவள் ஓடினாள்.

வெளியே இருட்டு முந்திக்கொண்டு வந்திருந்தது. பனிமூட்டம் கடலுக்கும் கரைக்கும் நடுவே சாம்பல் துணியாகத் தொங்கியது. படகுத்துறையின் கடைசிப் படியில் இயக்குநர் நின்றார். ஒரு கையில் தம்பியின் கயிறு, மறுகையில் கைப்பேசி. திரையின் வெளிச்சம் அவர் தாடையை மட்டும் காட்டியது.

"மேல இழுங்க சார்! கடல்தான் கெட்டுப்போச்சு. குழாய் சரியாத்தான் இருக்கு!"

"கத்தாதீங்க, பேசிட்டிருக்கேன்ல." கைப்பேசியை நெஞ்சில் அழுத்திக்கொண்டார். "ஒரு இழுப்பு இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். அப்பப்போ இழுத்துட்டுத்தான் இருக்கான். பாருங்க."

கயிறு ஒருமுறை வெட்டி இழுத்தது.

"பாத்தீங்களா?"

"எவ்வளவு நேரமா சார் இப்படி?"

அவர் மறுபடியும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கு" என்று சிரித்தார்.

தம்பியின் மூச்சுக் குமிழிகளைத் தேடினாள். தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. ஒரு குமிழி இல்லை.

கயிறு வெட்டியது. ஒரு இழுப்பு.

அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். அவர் ஏதோ சொன்னார். அவள் தன் வாழ்நாளில் யாரையும் சொல்லாத ஒரு வார்த்தையால் அவரைத் திட்டினாள். இரண்டு கையாலும் இழுத்தாள். கனம். கல்லின் கனம் இல்லை. நிறைமூட்டையின் கனம், உள்ளே புரளுகிற கனம். கயிறு வழவழத்தது. விரலிடுக்கெல்லாம் கோழை.

ஒரு இழுப்பு.

"வர்றேன்டா. இரு. அக்கா வந்துட்டேன்."

ரப்பர் தொப்பி மேலே வந்தது. தோள் வந்தது. உடுப்பு புடைத்து, நிமிர்ந்து, நேராக நின்றது. கையுறை கயிற்றைப் பிடித்திருந்தது. தம்பிதான். அவன் உயரம். அவன் தோள். அவளுக்கு அழுகை முட்டியது.

முகமூடிக் கண்ணாடியைத் திருப்பினாள்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் சதை. வெளிறிய, ஓடில்லாத, ஒன்றையொன்று நெருக்கும் சதை. கண்ணாடியின் விளிம்புவரை. மெதுவாக இடம் மாறிக்கொண்டிருந்தது. குடியேறி, சாமான்களை ஒழுங்கு பண்ணுவதுபோல.

அதற்கு நடுவே ஒரு கண். தம்பியின் கண்.

அது அவளைப் பார்த்தது. இமைத்தது.

"என்ன, நல்லா இருக்கான்ல?" பின்னாலிருந்து இயக்குநர் கேட்டார், திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே.

கையுறை மெல்ல இறுகி, அவள் கையிலிருந்த கயிற்றை ஒருமுறை இழுத்தது.