பொருள் கிடைத்ததா?

போனில் வந்திருந்த படத்தில் அவள் வீட்டு வாசல் இருந்தது. அதே பச்சைக் கதவு, அதே ஓரம் பிய்ந்த மிதியடி, மிதியடியின் மேல் செங்கல் அளவில் ஓர் அட்டைப்பெட்டி. கீழே, 'உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு வரி.

அவள் எதையும் வாங்கியிருக்கவில்லை. ஆன்லைனில் வாங்குவதை விட்டு இரண்டு மாதம் ஆகிறது.

கதவைத் திறந்து பார்த்தாள். மாலை மழை மாடிப்படியின் கம்பி ஜன்னல் வழியாகச் சாரலடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் ஆள் இல்லை, பெட்டியும் இல்லை. சாரல் எட்டாத மிதியடி மட்டும், யாரோ வெகுநேரம் நின்றுவிட்டுப் போனது போலச் சொதசொதவென்று நனைந்திருந்தது.

படத்துக்கு அடியில் வழக்கமான கேள்வி. பொருள் கிடைத்ததா? ஆம். இல்லை.

விரல் தானாக 'இல்லை'யில் விழுந்தது. பழகிய விரல். அதை நினைத்ததும் அவளுக்குக் காதுமடல் சுட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்கு அடிமேல் அடி. நீலத் திரைச்சீலை கேட்டால் சேற்று நிறத்தில் வந்தது. செருப்பு வந்தது, இரண்டும் இடது கால். 'இந்தப் பொருளைத் திருப்பி அனுப்ப இயலாது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று கம்பெனி பதினோரு தடவை வருந்தியது. "இன்னொரு தடவை வாங்குங்க அண்ணி, ரெண்டும் வலது கால் வரும். ஜோடி சேத்துக்கலாம்" என்று நாத்தனார் வீடு முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

அந்த எரிச்சலில்தான், அடுத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்த பழுப்புத் தோல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டே 'இல்லை' என்று அழுத்தினாள். பணம் திரும்பி வந்தது. கம்பெனிக்குச் சரியான பாடம் என்று நினைத்தாள். ஆனால் மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றது கம்பெனி இல்லை. நரைத்த தாடியும் ஒழுகும் மழைக்கோட்டுமாக, பார்சல் கொண்டுவருகிற பெரியவர்.

"அன்னைக்கும் இதே மழைதாம்மா. போன் நனைஞ்சிடும்னு போட்டோ எடுக்காம வச்சிட்டுப் போயிட்டேன். இப்ப நான்தான் எடுத்துட்டேன்னு சொல்றாங்க. வேலை போயிடும். ஒரு தடவை நல்லாத் தேடிப் பாருங்கம்மா."

"வரலைங்க."

அவர் பார்வை அவள் தோளைத் தாண்டி உள்ளே போனது. நாற்காலி முதுகில் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும் வரை அதையே பார்த்தார். பிறகு, "சரிங்கம்மா" என்றார். சொட்டச் சொட்டப் படியிறங்கிப் போனார்.

அவர் திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பாள். அந்த 'சரிங்கம்மா'தான் ரசத்துக்குப் புளி கரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பிடரியில் வந்து உட்கார்ந்தது. பையைக் கட்டிலுக்கு அடியில், பழைய தகரப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினாள். ஒரு நாளும் மாட்டிக்கொண்டு வெளியே போகவில்லை.

போன் அதிர்ந்தது.

இந்தப் படத்தில் கூடம். செருப்பு அலமாரிக்கு முன்னால் பெட்டி, இப்போது ஒரு குழந்தை உட்காரும் அளவில். அவள் அலமாரிக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அங்கே பெட்டி இல்லை. தரையில் கையளவு தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது. நனைந்த ரப்பரும் புது அட்டையும் கலந்த வாசனை கூடத்தில் மெல்லப் பரவியது.

பொருள் கிடைத்ததா?

'ஆம்' என்று அழுத்தினாள். 'எந்தப் பொருள்?' என்று திரை மாறியது. பட்டியலில் ஒன்றே ஒன்று. பழுப்புத் தோல் கைப்பை, இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. கணக்கு கணவர் பெயரில். உறுதி செய்தால் அவர் போனுக்கும் செய்தி போகும். அவர் எடை அளவு ஆய்வாளர், தராசில் ஐந்து கிராம் குறைந்தாலும் கடைக்காரரைத் தெருவில் நிற்கவைத்துக் கேட்கிறவர். 'நம்ம வீட்டுக்குள்ள மட்டும் பொய் கிடையாது' என்று நாலு பேர் முன்னால் அவளைப் பார்த்துக்கொண்டே சொல்கிறவர்.

கேள்வித் திரைக்கே திரும்பி வந்து அழுத்தினாள். இல்லை.

உள்ளே, படுக்கையறையில், பார்சல் டேப்பை நீளமாக உரிக்கிற சத்தம். கர்ர்ரென்று. நின்றது. மறுபடி கர்ர்ர்.

மூன்றாவது படம். அவர்கள் கட்டில். கட்டிலை ஒட்டி, ஆள் உயரத்தில் பெட்டி. வாய் திறந்திருந்தது. அதன் விளிம்பில் கைப்பை தொங்கியது. சுவரில் ஒரு நிழல், தலையில் மழைக்கோட்டின் முக்காடு.

பொருள் கிடைத்ததா?

கணவர் போன் செய்தார்.

"கீழ வண்டிய நிறுத்திட்டேன். பொருள் கிடைச்சுதான்னு என் போன்ல கேட்டுக்கிட்டே இருக்கு. ஏதாவது வந்துச்சா?"

சொல்லிவிடலாம். இப்போது சொல்லிவிடலாம்.

"இல்லைங்க. எதுவும் வரலை."

இருட்டு.

மழைச் சத்தம் எங்கேயோ தள்ளிப் போனது. எழப் பார்த்தாள். தலை இடித்தது. கையை நீட்டினாள். அட்டை. இந்தப் பக்கமும் அட்டை. முழங்கால் நெஞ்சில் முட்டியது. மடியில் கைப்பை. தலைக்கு மேல், கர்ர்ர்.

போன் ஒளிர்ந்தது. நான்காவது படம், மேலிருந்து எடுத்தது. பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் அவள். அவள் முகம்.

வெளியே கணவரின் செருப்புச் சத்தம். வாசலில் நின்றது.

"யாருங்க? என்ன இவ்வளவு பெரிய பெட்டி?"

"பார்சல் சார்."

"நாங்க எதுவும் வாங்கலையே. இப்பதான் வீட்ல கேட்டேன், எதுவும் வரலைன்னாங்க. வீடு மாறி வந்திருப்பீங்க. எடுத்துட்டுப் போங்க பெரியவரே."

ஒரு சத்தம் போட்டால் போதும். கிழித்துத் திறந்துவிடுவார். முதலில் அவளைப் பார்ப்பார். பிறகு மடியைப் பார்ப்பார்.

பையைப் பற்றி என்ன சொல்வது?

அதை யோசித்தாள். ஒரே ஒரு நொடி.

"சரிங்க சார்."

பெட்டி தரையை விட்டு எழும்பியது. பச்சைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவர் அவளைக் கூப்பிடுவது மெல்லக் கேட்டது. அப்போதுதான் கத்தினாள். அட்டை அதைக் குடித்துக்கொண்டது.

முதல் படி. இரண்டாவது படி. டேப் ஒட்டிய இடுக்கு வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தது. போன் கடைசியாக ஒரு தடவை ஒளிர்ந்தது.

'திருப்பி அனுப்பிய பொருள் ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

மூன்றாவது படி.