வரேன்னு சொன்னது

ரெண்டாயிரத்து ஆறு, தீபாவளி லீவு. கடற்கரையோரம் இருந்த பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தைப் படப்பிடிப்புக்கு விட்டிருந்தார்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம். அடைமழை மத்தியானத்தில், ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்த வகுப்பறைக்குள் ஹேமலதா மைக்கோடு நுழைந்தாள். இது அவளுக்கு மூன்றாவது வேலை. முதல் ரெண்டும் நிலைக்கவில்லை. இதுவும் போனால் மாமாவின் ஜவுளிக்கடைதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

படம், சிரிக்கச் சிரிக்கக் கொலை நடக்கிற ரகம். நாலு பணக்காரப் பையன்கள் கூடப் படிப்பவனைக் கொன்றுவிட்டு, அவன் இருப்பதாகக் காட்ட, வாத்தியார் பேர் கூப்பிடும்போது அவன் குரலில் பதில் சொல்வார்கள். 'உள்ளேன் ஐயா'வுக்கு அங்கே 'ப்ரெசான்'. செத்தவனுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துப் பேராக ஒன்று சொல்லும்படி டைரக்டர் கேட்க, வாட்ச்மேன் மஜீத் பாய் வாயில் வந்ததைச் சொல்லியிருந்தார்.

"அந்துவான்" என்று வாத்தியார் வேடக்காரர் கூப்பிட்டார்.

கொஞ்ச நேரம் மௌனம் இருக்க வேண்டும். யார் அவன் குரலில் பதில் சொல்வதென்று தெரியாமல் பையன்கள் திருதிருவென்று முழிக்க வேண்டும்.

ஹேமாவின் ஹெட்போனில் மௌனம் இல்லை.

"ப்ரெசான்."

சின்னக் குரல். ஓடி வந்தவன் போல மூச்சிரைத்தது.

பதிவைப் போட்டுக் கேட்டபோது சவுண்டு என்ஜினியர் கலைவாணனுக்கும் கேட்டது. எவனோ விளையாடுகிறான், நீ மைக்கை எங்கே பிடிக்கிறாய் என்று அவளைத்தான் காய்ச்சினார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே குரல்.

"இன்னொரு தடவ டேக் கெட்டுச்சுன்னா மைக்க வச்சுட்டுக் கெளம்பு" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போக, மஜீத் பாய் மட்டும் வாசலில் நின்றார். இப்படி ஒரு மழையில், நேரமாகிவிட்டதென்று ஓடி வந்த பையன் மாடிப்படியில் வழுக்கி விழுந்து செத்துப் போனானாம். மறுநாள் வாத்தியார் மறந்துபோய் அவன் பேரைக் கூப்பிட்டாராம்.

"அப்பவும் பதில் வந்துச்சும்மா. அந்தப் பேர நான் சொல்லியிருக்கக் கூடாது."

ஹேமாவுக்குப் பயத்தைவிட அழுகைதான் முந்தி வந்தது. காலியான வகுப்பில், கடைசி பெஞ்சைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, ஒரே ஒரு தடவ சும்மா இருப்பா. எம் பொழப்பே போயிரும்."

பெஞ்சுக்கு அடியில் ஈரக் கால் தடம் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த டேக்கில் சுத்தமான மௌனம். மூச்சுச் சத்தம்கூட இல்லை. நாளைக்கும் வா என்றார் கலைவாணன். அவளுக்கு உயிர் திரும்பியது.

கிளம்பும்போது வாசலில் நின்று, நன்றியில், வழக்கம்போலச் சொன்னாள்.

"வரேன் தம்பி."

பஸ்ஸில் பாதி வழியில்தான் அம்மா சொல்வது ஞாபகம் வந்தது. சாவு விழுந்த இடத்திலிருந்து கிளம்பும்போது வரேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அதுவும் கூட வரும்.

நெல்லித்தோப்பு வீட்டுக்குள் கால் வைத்தாள். மழை நின்றிருந்தது. ஹெட்போன் பள்ளிக்கூடத்திலேயே பெட்டியில் இருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஹேமா, வந்துட்டியா?"

வாயைத் திறந்தாள்.

முதுகுக்குப் பின்னால், மூச்சிரைக்க, பதில் முந்திக்கொண்டது.

"ப்ரெசான்."